ஃபியூஸ் தின்னும் பேய்

ஒரு மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் பேய் இருந்தது. யார் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அதன் குரலை நானே கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நன்னிலம் பக்கம் காலையில் பனி, மாலையில் விட்டுவிட்டு மழை. பொழுது சாய்ந்தால் ஊருக்கே கரண்ட் போய்விடும். டிவி இல்லாமல் நானும் அண்ணனும் அடித்துக்கொள்வதைச் சகிக்காமல் அம்மா ஒரு ஆட்டம் கண்டுபிடித்தாள். சுக்குக் காபி குடித்ததும் நாலு பேரும் ஒரே கம்பளிக்குள் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு ஆளுக்கு ஒரு வரியாகக் கதை சொல்ல வேண்டும். கதையில் ‘நான்’ வரக்கூடாது, வந்தால் அவுட். அது அண்ணன் போட்ட சட்டம். இல்லாவிட்டால் எல்லாக் கதையிலும் நானே ராணியாகிவிடுகிறேனாம்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, மட்டும் ஆட்டத்தில் இல்லை. ஐப்பசி மழையில் வயல் முழுகியபோது, வடிகாலை வெட்டிவிடப் போன மாமா தண்ணீரோடு போய்விட்டார் என்று சொன்னார்கள். எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. அதன்பின் அப்பா அத்தையை அழைத்து வந்தார். வந்தது முதல் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் என்று கேட்டால், “தொண்டை போயிடுச்சு” என்றாள் அம்மா. “ரெண்டு வாய் சோறு இறங்கலைங்க. இப்படியே விட்டா அவ நமக்கு மிஞ்ச மாட்டா” என்று அப்பாவிடம் அவள் அழுததும் என் காதில் விழுந்தது. தொண்டையே போனபின் சோறு எப்படி இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய கதையில் ஒரு தவளை பஸ் ஏறியது.

“கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னாரு” என்றார் அப்பா.

“அரை டிக்கெட்டுதான் எடுப்பேன்னு தவளை சண்டை போட்டுச்சு” என்றான் அண்ணன்.

“ஜன்னலோரமா உக்காந்து மழையை வேடிக்கை பார்த்துச்சு” என்றாள் அம்மா.

அடுத்து என் முறை. நான் வாயைத் திறப்பதற்குள் இருட்டிலிருந்து ஐந்தாவது குரல் வந்தது.

“தவளை வீடு வந்து சேரலை.”

துருப்பிடித்த தகரத்தைக் கீறியது போன்ற குரல். அம்மாதான் மெல்லக் கேட்டாள்: “ஏன் சேரலை?”

ஓட்டில் மழை மட்டும். கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தை அசையாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள். தொண்டை போனவள் எப்படிப் பேசுவாள்? ஆக, பேசியது பேய்தான்.

மறுநாளிலிருந்து இன்னொரு விபரீதம். ஊரில் கரண்ட் போவது நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் போனது. எதிர்வீட்டு டியூப்லைட் மழைச்சாரலில் மங்கலாகத் தெரியும், சீரியல் பாட்டு கேட்கும், நாங்கள் இருட்டில்.

“நமக்கு மட்டும் ஏம்ப்பா?”

“ஃபியூஸ் போயிடுச்சும்மா.”

தினமும் போயிற்று. பொழுது சாயும்போதே அப்பா ஸ்டூல் போட்டு ஏறி மீட்டர் பெட்டியில் கை வைப்பார். ரிப்பேர் பார்க்கிறார் என்று நம்பினேன். அவர் இறங்கிய பிறகுதான் கரண்ட் போகிறது என்பதை யோசிக்கவே இல்லை. பேய் ஃபியூஸைத் தின்கிறது என்றே அண்ணனும் நானும் முடிவு கட்டினோம்.

இருட்டியதும் குரல் வரும். ஒரு வரி இரண்டானது. பிறகு ஒருநாள் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது:

“வெட்டிவிட்டுட்டு வந்துடறேன்னுதான் தவளை போச்சு. சோத்தை மூடி வெச்சுட்டு நான் வாசல்லயே...”

“அவுட்! ‘நான்’ வந்துடுச்சு, அவுட்!” பழக்கதோஷத்தில் அண்ணன் கத்திவிட்டான்.

இருட்டில் ஒரு சத்தம் கிளம்பியது. சிரிப்பு போல ஆரம்பித்து வேறெதுவோ ஆகி வீடெங்கும் பரவியது. அம்மா எழுந்தாள். “போகாதம்மா, பிடிச்சுக்கும்!” என்று முந்தானையை இழுத்தேன். உருவிக்கொண்டு குரல் வந்த பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே இரண்டு பேர் அழுதார்கள். அப்பா என்னை இறுக்கிக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது.

மறுநாள் மாலை விளக்கு எரிந்தது. அதன் கீழே உட்கார்ந்து அத்தை ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தொண்டை சரியாகிவிட்டதாம். எனக்கோ கதை பாதியில் நின்றதே கவலை.

“அத்தை, அந்தத் தவளைக்கு என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க” என்றாள்.

“கவலைப்படாதீங்க அத்தை. தவளைக்குத்தான் நீச்சல் தெரியுமே, எங்கயாவது கரையேறியிருக்கும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, நான் டிவி பார்க்க ஓடினேன்.