லெட்யூஸுக்குப் போட்ட மொட்டை

கீரைச் செடிக்கு மொட்டை போட்ட மேதை இந்த உலகத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான். எட்டு வயதில், கையில் கத்தரிக்கோலும் கிண்ணத்தில் சந்தனமுமாக, யாரும் கேட்காமலேயே அந்தச் சேவையைச் செய்தேன்.

அப்போது மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கொள்ளேகாலிலிருந்து அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு துணிப்பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாடியில் பச்சை வலை கட்டி, பெயின்ட் டப்பாக்களில் லெட்யூஸ் என்கிற, வேகவைக்காமல் தின்னும் சீமைக்கீரையை விதைத்தாள். கோகுலம் பகுதியில், யோகா படிக்க வந்த வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஒரு கஃபே சனிக்கிழமைதோறும் ஒரு கூடை இலை கேட்டிருந்தது. அப்பா வைத்தது ஒரே நிபந்தனை: “நாலு சனிக்கெழமை தவறாம குடுத்துக் காட்டு அம்மிணி. முடியலேன்னா மாப்ளகூடப் பொறப்பட்டுரு.”

அத்தை செடியைப் பிடுங்கமாட்டாள். வெளி இலைகளை மட்டும் நறுக்கிக்கொண்டு நடுக்குருத்தை விட்டுவிடுவாள். அடுத்த வாரம் அதே செடி, ஒன்றுமே நடக்காததுபோல, இலை விரித்து நிற்கும். அது எப்போது வளர்கிறது என்று கையும் களவுமாகப் பிடிக்க, பள்ளி விட்டதும் வலைக்கடியில் படுத்துக்கொள்வேன். வெயில் பச்சையாக வடிந்து இறங்கும். என் கை பச்சை, சட்டை பச்சை. தூரத்தில் சாமுண்டி மலை மிதக்கும். கம்பெனி பஸ்களின் இரைச்சல் தண்ணீருக்கு மேலே எங்கோ போவதுபோல் கேட்கும். குளத்தடியில் கிடக்கும் மீன் நான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். விழித்தால் இலை ஒரு விரற்கடை கூடியிருக்கும். ஒருநாளும் பிடிபடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கூடை முக்கால்தான் நிறைந்தது. “சன்னமாயிட்டே வருதே சாமி” என்றாள் அத்தை.

அதற்கு அடுத்த நாள்தான் மாதேஸ்வரன் மலையில் எனக்கு மொட்டை போட்டார்கள். அழுத என்னிடம் அம்மா, “மொட்டை போட்டா முடி காடாட்டம் வரும்டா” என்று அடித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு அது போதாதா?

வெள்ளிக்கிழமை பிற்பகல், அத்தை கடைக்குப் போன நேரத்தில், அந்தப் பச்சை வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில், அத்தனை லெட்யூஸ் செடிகளையும் மண்ணை ஒட்ட வழித்தேன். குருத்தையும் விடவில்லை. ஒவ்வொரு தண்டின் மேலும் சந்தனம் தடவினேன். என் முடி சாமிக்குப் போனதல்லவா? இலைகள் தெருவில் நின்ற பசுவுக்குப் போயின. பசு முழுமனதோடு ஏற்றுக்கொண்டது.

மறுநாள் விடிகாலையில் கூடையோடு மேலே வந்த அத்தை அப்படியே நின்றாள்.

“என்றா இது?”

“மொட்டை, அத்தை. காடாட்டம் வரும்.”

என் தலையைப் பார்த்தாள். “உனக்கு வந்துருச்சா?”

தடவிப் பார்த்தேன். வரவில்லை.

அடி விழவில்லை. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மலைமேல் வெளிச்சம் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கூடையை எடுத்தாள். மாடி ஓரத்தில் அம்மா குழம்புக்கு வளர்த்த முள்ளங்கியின் பிஞ்சிலை, பீட்ரூட்டின் சிவந்த தளிர், வெந்தயக்கீரை, யாரும் விதைக்காமல் டப்பா ஓரத்தில் முளைத்த பருப்புக்கீரை, புளியாரை. நுனி நுனியாக நறுக்கி நிரப்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் கோகுலம் போனாள்.

கஃபேயில் சமைக்கிற அக்கா ஒரு புளியாரையை வாயில் போட்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடினார். “சென்னாகிதே!” என்று கன்னடத்தில் மெச்சிவிட்டு, அடுத்த வாரமும் இதே கலவை வேண்டும் என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார். எனக்கு மாமா என்றால் உயிர். வரும்போதெல்லாம் பொரிகடலைப் பொட்டலம் கொண்டுவருவார். அவர் தலையைக் கண்டதும் அத்தை ஏன் கதவுக்குப் பின்னால் போகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கியதே இல்லை.

“கெளம்பு” என்றார் மாமா, கதவைப் பார்த்து.

அப்பா செருமினார். “நாலு வாரமும் குடுத்துட்டா மாப்ள. அவ இங்கயே இருக்கட்டும்.”

மாமா காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். பொரிகடலையும் அவரோடு போயிற்று.

எல்லாம் என்னால்தான் என்று நினைத்து மாடிக்கு ஓடினேன். அத்தை மொட்டைத் தண்டுகளைக் கிளறி எறிந்துவிட்டுப் புதுவிதை தூவிக்கொண்டிருந்தாள். வலைக்குள் இறங்கிய வெயிலில் அவள் முகமும் கையும் பச்சையாக இருந்தன. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமா கோபித்துக்கொண்டு போன நாளில் இவளுக்குப் பாட்டு எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

“நா மொட்டை போட்டதாலதான் மாமா உன்ன உட்டுட்டுப் போயிட்டாரா அத்தை?”

“ஆமா. அந்த வாளிய எடு.”