அமைதி டீச்சர் எம்.எட். முடித்த கதை

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் அந்த ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அமைதி டீச்சர். அவர் அமைதியானவர் என்பதால் அல்ல. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது "அமைதி!" என்று அவர் போடும் சத்தம், மூன்றாவது மாடியிலிருந்து எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். அங்கே நிற்பவர்கள்கூட ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு, பிறகுதான் தொடர்வார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவர் எம்.எட். சேர்ந்தது படிப்பின் மேல் இருந்த ஆசையால் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் கோபத்தில் சேர்ந்தார்.

நாத்தனார் மகளுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். ஒரு மணி நேர வரிசை. கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பொண்ணுக்கா, மருமகளுக்கா?" என்றார்.

"ஏன், எனக்கா இருக்கக் கூடாதா?"

எழுத்தர் நிமிர்ந்தார். "இருக்கலாம் மேடம். ஆனா இது முழுசா படிக்கிறவங்களுக்கு..."

வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதி வகுப்பு உண்டு, அந்தப் படிவம் பக்கத்துக் கவுன்ட்டரில் கிடைக்கும் என்றுதான் அவர் சொல்ல வந்தார். டீச்சர் சொல்ல விட்டால்தானே. "இருபத்திரண்டு வருஷமா ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் படி படின்னு சொல்றவ நான். எனக்கு அரைகுறையா படிக்கத்தான் வரும்னு நினைச்சீங்களா?" என்று பிடித்தவர், பின்னால் நின்றவர்கள் கைதட்டும் வரை விடவில்லை. கைதட்டல் வாங்கியபின் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? பக்கத்துக் கவுன்ட்டருக்குப் போய், நின்றபடியே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நாத்தனார் மகளுக்குப் படிவம் வாங்க மறந்துபோனார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நுரையைத் துப்பிவிட்டு, "மேல போறதுன்னு முடிவு பண்ணிட்ட, போ. நடுவுல நின்னுட்டா மட்டும் என்னைக் கூப்பிடாத," என்றார்.

முதல் அசைன்மென்ட்டிலேயே லிஃப்ட் நடுவில் நின்றது. 'கற்றலில் ஆசிரியரின் பங்கு' என்பது தலைப்பு. டீச்சர் பதினெட்டுப் பக்கம் எழுதினார். அதில் பத்துப் பக்கம் பெற்றோர்கள் மேல் குற்றச்சாட்டு, மூன்று பக்கம் கைப்பேசியின் மேல். ஒரு வாரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் முப்பத்தெட்டு. கீழே, 'கையெழுத்து அழகு. கவனம் தேவை.'

கவனம் தேவை. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் நோட்டில் அவர் எழுதிவந்த அதே இரண்டு சொற்கள். அவற்றை வாங்கிக்கொள்வது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தாளை நாலாக மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளினார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, என்ன இது?"

"அது பழைய பேப்பர்."

"போன வாரத் தேதி போட்டிருக்கு."

"கேள்வியே கஷ்டம். எல்லாருக்கும் கம்மிதான்."

"அடுத்தவங்க மார்க்கைப் பத்திப் பேசாத. உன் மார்க்கைப் பத்திப் பேசு." பத்தாம் வகுப்பில் தனக்குக் கிடைத்த திட்டை மகள் அட்சரம் பிசகாமல் திருப்பிக் கொடுத்தாள். "கையெழுத்து யாரு போடணும்? நானா, அப்பாவா?"

ஆனாலும் நல்ல பெண். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "'எல்லாருக்கும் தெரியும்'னு பதினாலு இடத்துல எழுதியிருக்க. யாருக்குத் தெரியும்? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? அதைச் சொல்லாம ஒரு வரிகூட எழுதக் கூடாது."

அன்றிலிருந்து வீட்டுக்கே அந்த நோய் தொற்றிக்கொண்டது. "இன்னைக்குக் குழம்புல உப்பு கூட," என்று கணவர் சொன்னால், "ஆதாரம்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "என் நாக்கு" என்பார் அவர். "ஒரு நாக்கு போதாது. மாதிரி அளவு ரொம்பக் கம்மி."

படிக்க இடம்தான் பெரிய பாடாக இருந்தது. இரண்டு அறை வீடு. ஒன்றில் டிவி, ஒன்றில் மகளின் தோழிகள். சமையலறையில் புத்தகத்தைத் திறந்தால் பாத்திரங்கள் முறைத்தன. கடைசியில் கணவரின் சர்வீஸ் வேனைக் கண்டுபிடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வாசலில் வந்து நிற்கும். ஸ்பேனர் பெட்டிகளுக்கும் கம்பிவடச் சுருளுக்கும் நடுவே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் ஏழு மணி வரை ராஜ்யம். கிரீஸ் வாடைக்கு மூக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது.

அவருடைய மூக்குக்குப் பழகியது கீழ்வீட்டு அக்காவின் கண்ணுக்குப் பழகவில்லை. ஒரு மனைவி தினமும் கணவன் வீடு திரும்பும் நேரம் பார்த்து வெளியே போய் வண்டிக்குள் உட்காருகிறாள், அவனோ உள்ளே டிவி பார்க்கிறான். இதற்கு என்ன அர்த்தம்? செய்தி கணவரின் அண்ணன் காதுக்குப் போயிற்று. அந்த வார இறுதிக்குள்ளேயே அவர் வந்து வேன் கதவைத் தட்டினார்.

"எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள வந்து பேசும்மா. தெருவுல உட்கார்ந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"மாமா, எனக்கு ஒரு நல்ல பிரச்சினை கிடைக்கல. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்." ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வியைப் 'பிரச்சினை' என்பதுதான் வகுப்பில் வழக்கம். அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்?

"பிரச்சினையைத் தேடாதம்மா! இருக்கிறதே போதும்!"

அவர் நேராக உள்ளே போய்த் தம்பியைப் பிடித்தார். "அவ ஏன்டா வண்டியில உட்கார்ந்திருக்கா?"

"படிக்கிறாண்ணா."

"வீட்ல படிக்க என்ன?"

"வீட்ல நான் இருக்கேன்ல."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்!"

விஷயம் தெளிய அரை மணி நேரமும் இரண்டு சுற்றுக் காப்பியும் ஆயின. போகும்போது அண்ணன் வேன் கதவைத் தானே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பிரச்சினை கடைசியில் கைடிடம் கிடைத்தது. டீச்சருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை ஒல்லியான பெண்மணி. பாதி நேரம் "ம்" என்பார், மீதி நேரம் அதுவும் சொல்ல மாட்டார். முதல் சந்திப்பில் "வகுப்புல உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். டீச்சர், "கஷ்டம்னு ஒண்ணுமில்ல மேடம்," என்றார். பேராசிரியை பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. அந்த மௌனத்தை டீச்சரால் தாங்க முடியவில்லை. பெற்றோர்கள், கைப்பேசி, பாடநூல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்து, கடைசியில் தன்னை அறியாமலே, "நான் கேட்டா பிள்ளைங்க பதிலே சொல்ல மாட்டேங்குறாங்க மேடம்," என்றார்.

"ம். கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். அதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கைப்பேசியைச் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒளித்துவைத்துத் தன் பாடத்தைத் தானே பதிவு செய்தார். சாயங்காலம் வேனில் உட்கார்ந்து கேட்டார். கணவரும் ஸ்பேனர் எடுக்க வந்தவர் நின்று கேட்டார். "தண்ணி கொதிச்சா என்ன ஆகும் ஆவியாகும்! ஆவி குளிர்ந்தா என்ன ஆகும் தண்ணியாகும்! புரிஞ்சுதா புரிஞ்சுது, அடுத்து!" நாற்பது நிமிடத்தில் ஐம்பத்தொரு கேள்வி. நாற்பத்தாறுக்கு அவரே பதில் சொல்லியிருந்தார். மிச்சம் ஐந்தில் மூன்று, ஜன்னல் பக்கம் பார்ப்பது யார் என்பது பற்றியவை.

"நான் இப்படியா பேசறேன்?"

"இதுல என்ன புதுசு?" என்றார் கணவர். "'இன்னைக்கு என்ன சமைக்கட்டும், தக்காளி சாதம் வைக்கிறேன்.' இருபது வருஷமா இதானே? நான் வாயைத் திறக்கும்போது நீ அடுப்பைப் பத்தவெச்சிருப்ப."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே கணத்தில், ஆய்வேட்டின் தலைப்பும் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. கேள்வி கேட்டபின் ஆசிரியர் மூன்று விநாடி பொறுத்தால் வகுப்பில் என்ன மாறும்?

தன்னை மட்டும் அளந்தால் போதாது என்று மற்ற ஆசிரியர்கள் ஐந்து பேரின் வகுப்பில் கடைசி வரிசையில் போய் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தார். ஓய்வறையில் பேச்சு ஒரே நாளில் நின்றுபோனது. தலைமையாசிரியரின் உளவாளி என்றார்கள் சிலர். கணக்கு சாருக்கு மட்டும் ஆய்வு எதைப் பற்றியது என்று எப்படியோ கசிந்துவிட்டது. காத்திருந்தால் நல்ல ஆசிரியர் என்றால், அதிகம் காத்திருந்தால் மிக நல்ல ஆசிரியர்தானே? கணக்குப் போடுகிறவர் அவர். டீச்சர் வந்து உட்கார்ந்ததும் "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். "ஐம்பத்தாறு சார்" என்று மூன்று பேர் சொல்லியும் கடைக்கண்ணால் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். நான்காவது நிமிடம் வகுப்புத் தலைவி எழுந்து ஓடினாள். "சார், கணக்கு சார் அப்படியே நிக்கிறாரு சார், பேச்சு வரல!" தலைமையாசிரியர் தண்ணீர்ப் பாட்டிலோடும் முதலுதவிப் பெட்டியோடும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

இரண்டு மாத அளவுகள் போச்சு என்று டீச்சர் கைடின் அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அளக்கிறாங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் வேற மாதிரி ஆயிடறாங்க மேடம். இதெல்லாம் கிழிச்சுப் போடத்தான் லாயக்கு."

"ம். இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க," என்றார் பேராசிரியை. "அது ஒரு அத்தியாயம்."

எழுதினார். தப்பு நடந்த இடத்தைத் தன் கையாலேயே எழுதி அதற்குக் கீழே கையெழுத்தும் போடுவது அவருக்கு அதுவே முதல் தடவை.

மிச்சத்தைத் தன் வகுப்பிலேயே செய்தார். மூன்று விநாடி என்பது சொல்லத்தான் சின்னது. நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணுவார். இரண்டாவது விநாடியிலேயே பதில் நுனிநாக்குக்கு வந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம், "ஈரத்துணி நிழல்ல போட்டாலும் காயுதே, தண்ணி எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி வரிசைச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஆவியாப் போகும்னு தெரியும் டீச்சர். ஆனா தண்ணி எப்படி டீச்சர் பேயாகும்?"

"என்னது?"

"ஆவின்னா பேய்தானே டீச்சர்?"

டீச்சர் சிரிக்கப் போனார். ஆனால் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. "வேற யாரெல்லாம் அப்படி நினைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி எண்ணினார். பதினோரு கைகள் மேலே போயின. ஒரு பையன், அதனால்தான் தான் குளியலறையில் வெந்நீர் போடும்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்குப் பதினோரு பேர். எத்தனை பிள்ளைகளைப் பேயோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்! அன்று பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு கெட்டிலையும் கண்ணாடித் தட்டையும் வரவழைத்தார். மணி அடிக்கும் வரை எல்லோரும் ஆவியை மட்டுமே பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அதை மகளிடம் சொல்லும்போது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மகள் தோளில் தட்டி, "ஆதாரம் கிடைச்சிருச்சுல்ல, எழுது," என்றாள்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கனத்த குரலுள்ள மனிதர். ஆய்வேட்டைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தார். "மூணு விநாடின்னு எப்படி முடிவு பண்ணீங்க? முன்னாடி நடந்த ஆய்வுகளை வெச்சுத்தான், இல்லையா? சரி. மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? வசதிக்கு ஏத்த மாதிரிதான், ஆமா. அதனால முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது, சரியா எழுதியிருக்கீங்க."

டீச்சர் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார், மூடினார். பேராசிரியை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின.

பன்னிரண்டாவது கேள்வியில் தேர்வாளருக்குத் தொண்டை வறண்டது. "உங்க ஆய்வுல பெரிய சறுக்கல் எது?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அந்த இடைவெளியில் டீச்சர் கணக்கு சாரின் நான்கு நிமிடத்தையும் முதலுதவிப் பெட்டியையும், அதிலிருந்து தான் என்ன கற்றுக்கொண்டார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தண்ணீர் தேர்வாளரின் மூக்கு வழியாக வந்தது. இருமி முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மிகத் தெளிவான பதில்கள். குறிப்பா சுருக்கம் எனக்குப் பிடிச்சிருந்தது," என்றார்.

எழுபத்தொன்பது. வகுப்பில் மூன்றாவது இடம். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்கு வாரம் ஒரு நாள் அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். மற்ற நாட்களில் அதே மூன்றாவது மாடி, அதே ஆறாம் வகுப்பு. 

பட்டச் சான்றிதழுக்குக் கணவரே சட்டம் போட்டார். லிஃப்ட் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் விரல் தடிமன் போல்ட் நான்கை வரவேற்பறைச் சுவரில் இறக்கி, அதில் மாட்டினார். "இனி வீடே இடிஞ்சாலும் இது விழாது."

டீச்சர் தள்ளி நின்று பார்த்தார். "கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?"

கணவர் ரசமட்டத்தை எடுத்துவந்து சட்டத்தின் மேல் வைத்தார். நடுக்கோட்டில் குமிழ் ஆடாமல் நின்றது.

"படம் நேராத்தான் இருக்கு. சுவருதான் கோணல்," என்றார்.