பிரஸ் தட்டிய நாடி

கமலா, சேகர், உங்கள் அப்பாவான நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனாலும் ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு இதய நோய் என்று எழுதிவைத்தவன். பரீட்சை என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சேகர் சொன்னானே, அதற்காக இதை எழுதுகிறேன்.

1. ட்ரேயில் தட்டியது

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தகர டப்பா கம்பெனியில் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் என் பொறுப்பு. ஊசி போடத் தெரியாது, கட்டுப் போடத் தெரியும். இருந்தாலும் எல்லாருக்கும் நான் கம்பவுண்டர். பொன்னேரியிலிருந்து புதன்கிழமைதோறும் வரும் டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார்.

"படபடப்புன்னு வந்தா, நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு விரலால தட்டிக் காட்டச் சொல்லு. வேகமா, ஆனா சீரா இருந்தா பெரும்பாலும் பயம். தாறுமாறா இருந்தா உடனே அனுப்பு."

ஒரு திங்கட்கிழமை, தகரத்தை அடித்து வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்த ஏழுமலை ஓடிவந்தான். முந்தின வாரம் அந்த பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போயிருந்தது. அந்த ஸ்டூலில் இப்போது இவன்.

"கம்பவுண்டரே, மூச்சு வர்ல, கையெல்லாம் மதமதன்னு கீது. செத்துப்பூடுவேன்!"

"அதுக்கு முன்னாடி இந்த ட்ரேயில தட்டிக் காட்டு."

டக், டக், டக். ஓர் அடி இல்லை. மறுபடி டக், டக், டக். மறுபடி ஓர் அடி இல்லை. என் ரெஜிஸ்டரில் இதய நோய் என்று எழுதினேன். செய்தி பரவி, சாப்பாட்டு மணிக்குள் பதினொரு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அதையே தட்டினார்கள்.

"ஏன்யா, ஹார்ட் கம்ப்ளெயின்ட் ஒட்டுவாரொட்டியா?" என்றார் மானேஜர்.

"பதினொரு பேருக்கு ஒட்டியிருக்கு சார்."

லாரியில் பன்னிரண்டு பேரையும் பொன்னேரிக்கு ஏற்றிப்போனேன். டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பன்னிரண்டு நெஞ்சும் சீராகவே அடித்தன. அவர் எங்களோடு லாரியிலேயே கம்பெனிக்கு வந்து, என் ரூமில் உட்கார்ந்தார்.

"இப்ப உன் நெஞ்சைத் தட்டு."

தட்டினேன். டக், டக், டக். ஓர் அடி இல்லை. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். பக்கத்து ஷெட்டில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் பெல்ட்டின் தையல் விட்டுப்போய், மூன்று அடிக்கு அடுத்து ஓர் அடி தவறிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அதையே கேட்ட விரல் வேறு எதைத் தட்டும்?

"தட்டினா மட்டும் போதாதுய்யா. மணிக்கட்டுல விரல் வெச்சுப் பாரு. சீரா இருந்தாலும் பயம்தான்னு நீயா முடிவு கட்டாதே. சந்தேகம்னா இ.சி.ஜி. எடுக்கணும்."

மானேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொரு தபா லாரி கேட்டே, அதே லாரில உன் பொட்டியையும் ஏத்திடுவேன்."

2. மேஸ்திரியின் கிண்டல்

மறுநாள் பெல்ட் மாற்ற பிரஸ்ஸை நிறுத்தினார்கள். மேஸ்திரி கோதண்டம் ஏழுமலையோடு என் ரூமுக்கு வந்தார்.

"இன்னா கம்பவுண்டரே, மிசினுக்கு மாத்திரை குட்த்தியா? எனக்கும் பாரேன்."

ட்ரேயில் தட்டினார். இரண்டு அவசரமாக, ஓர் இடைவெளி, ஒன்று, பிறகு நான்கைந்து ஓட்டமாக. எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

"பேஜார் பண்ணாத மேஸ்திரி!" என்று ஏழுமலை சிரித்தான்.

நான் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தேன். பிரஸ் ஓடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கேயும் அதே தாறுமாறு.

"எப்பலேர்ந்து?"

"காத்தால சைக்கிள் மிதிச்சிக்கினு வந்தேன், சுவிச்சு போட்டாப்ல ஆரம்பிச்சிது. வாய்வு நைனா, வுடு."

மானேஜரிடம் போனேன். பெட்டி ஞாபகம் இருந்தது.

"இதுவும் மிசின் இல்லேன்னு இன்னாய்யா நிச்சயம்?"

"மிசின் நின்னுக்கினு கீது சார். என் பொட்டிய அப்பறம் ஏத்திக்கலாம், மொதல்ல மேஸ்திரிய ஏத்துங்க."

பட்டணத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சின் தாளமே தவறியிருந்தது. ஒரு மாதம் கழித்து மாத்திரைப் பொட்டலத்தோடு வேலைக்குத் திரும்பினார். என்னை 'மிசின் டாக்டர்' என்று கூப்பிடுவதை மட்டும் கடைசி வரை விடவில்லை.

சேகர், ஏழுமலையும் நடிக்கவில்லை. பயந்த நெஞ்சும் நிஜமாகத்தான் அடிக்கிறது. எது பயம், எது நோய் என்று விரலை வைத்து ஓரளவுதான் சொல்லமுடியும். கூச்சப்படாமல் சொல், டாக்டரிடம் போவோம்.

அன்று மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு லாரி கேட்டைத் தாண்டியதும் ரூமில் நான் மட்டும் இருந்தேன். ட்ரேயில் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன். மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தேன். படுவேகம், ஆனால் ஓர் அடியும் தவறவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து என் பெயரை எழுதினேன். நோய்: படபடப்பு. சிகிச்சை: தண்ணீர், ஒரு தம்ளர். பானையில் மொண்டு குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.