கலியமூர்த்தியின் சாட்சி

முத்தியால்பேட்டை ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் கலியமூர்த்தி சாட்சி சொல்லுவார். மில்லில் வேலை பார்த்த நாளில் சாராயம் குடித்துவிட்டு வந்து மனைவியை எப்படி அடித்தார், ஓங்கி அறைந்ததில் அவள் இடது காது எப்படிச் செவிடானது, பிறகு கர்த்தர் தன்னை எப்படித் தொட்டார் என்று மைக்கில் அழுவார். சபையும் சேர்ந்து அழும்.

அடி வாங்கிய பார்வதி பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து, எட்டு வருஷமாக வலது காதால் அதைக் கேட்டாள். அவளிடம் அவர் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

2006-ல் ஒரு ஞாயிறு, மதியச் சோறு போடும்போது அவளே வாயைத் திறந்தாள். "ஊருக்கே சொல்றீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ஆண்டவரே என்னை மன்னிச்சுட்டாரு. நடுவுல நீ யாருடி?" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

அடி இவளுக்கு, மன்னிப்பு மட்டும் மேலிடத்திலேயே முடிந்துவிட்டதாம்!

அடுத்த ஞாயிறு சாட்சியில் புதிதாக ஒன்று சேர்ந்தது. "எஞ் சம்சாரத்துக்கு இன்னும் மன்னிக்க மனசு வரல. அவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

சபை உருகிப்போனது. பாஸ்டர் பார்வதியை முன்னால் அழைத்து முழங்கால் போட வைத்தார். "இந்தக் கல் நெஞ்சை உடையும், ஆண்டவரே" என்று அவள் தலையில் கை வைத்தார். கூடவே கலியமூர்த்தியும் வைத்தார், அறைந்த அதே கையை.

"மன்னிச்சுட்டேன்" என்று அவள் சொல்வாள் என எல்லோரும் காத்திருந்தார்கள். பார்வதி "ஆமென்" என்றாள்.