ஒரு லட்சத்து ஒன்று

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். கனகம்மாசத்திரத்தில் பல வருடமாகக் கணக்கு டியூஷன் எடுப்பவன், சரிபார்க்காத ஒரு எண்ணை நம்பி வீட்டுக் கூடத்தில் தொடை தட்டினேன்.

பாவாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், வலது கை விசைத்தறியில் சிக்கியபோது, அக்கா திருத்தணி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். விரல்கள் பிழைத்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து, சமமாகப் பங்கிட்டு, ‘முருகா’ என்று மொத்தம் ஒரு லட்சத்து ஒரு தடவை எழுதி, ஆடிக் கிருத்திகையன்று நோட்டுகளோடு படியேறுவது. ஆளுக்கு ஆள் ஒன்றுகூடக் கூடவோ குறையவோ கூடாது. விரல்கள் பிழைத்தன. இப்போது பாவா அதே கையால்தான் என் தட்டிலிருந்து வடையை எடுக்கிறார்.

கிருத்திகைக்கு இரண்டு மாதம் இருந்தது. அக்கா நோட்டுகளை அடுக்கினாள். எனக்கு எழுதுவது என்றாலே கை வலிக்கும்.

“முடியாதுக்கா. முருகன் மேல கோவமில்ல, கணக்குதான் ஒத்துக்கல. லட்சத்தோட ஒண்ணைச் சேர்த்த பாரு, அங்கதான் மாட்டிக்கினே. அது பகா எண். யாராலயும் மீதியில்லாம வகுக்க முடியாது.”

“மொய்யிலகூடத்தான் ஒண்ணு சேர்க்கிறோம். அதுக்கின்னாடா?”

“சமமாப் பிரிக்க முடியாதுன்னா உன் வேண்டுதலே செல்லாதுன்னு அர்த்தம்.”

அக்காவின் கண் சட்டென்று பாவாவின் விரல்களுக்குப் போனது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். உண்மையில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு வரைக்கும்தான் மனதுக்குள் வகுத்திருந்தேன். ஏழில் மீதி ஆறு வந்ததும் அலுத்துப்போய், பகா எண் என்று பட்டம் கட்டிவிட்டேன்.

“சரி, ஒரு வழி சொல்றேன். நான் போக மீதி பத்துப் பேர். ஆளுக்குப் பத்தாயிரம் எழுதுங்க. ஒண்ணு மிஞ்சும். அந்த ஒண்ணை நான் எழுதறேன். வேண்டுதலுக்கே அதுதான் மகுடம்.”

“மச்சானுக்கு இன்னா பெரிய மனசு பாரு,” என்றார் பாவா.

அக்கா சிரிக்கவில்லை. செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தாள்.

“தட்டு, நாள் பூரா தட்டு. முருகனே எறங்கி வந்தாலும் கணக்கை மாத்த முடியாது,” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் ஒவ்வொரு தலையாக எண்ணினாள், என் தலையையும் சேர்த்து. ஒரே ஒரு தடவைதான் வகுத்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று. பின்னால் ஒரு புள்ளிகூட இல்லை. பதினொன்றால் வகுபடும் விதியை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்: ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டு, இரண்டும் சமமானால் வகுபடும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

இருந்தாலும் நான் இறங்கவில்லை.

“நம்ம வீட்ல பன்னெண்டு பேர் இருந்திருந்தா இன்னாக்கா பண்ணியிருப்பே? ஒம்பது பேர் இருந்தா? அதுங்களால வகுபடவே வகுபடாது, தெரியுமா?”

அக்கா ஒரு நோட்டை என் மடியில் போட்டாள்.

“பதினோரு பேர்தான்டா, எழுது.”