ஆண்கள் பக்கம்

என் கணவருக்கு மறதி நோய். இந்த வருஷம் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக நினைத்தேன். அருவியில் ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. வருஷா வருஷம் சீசனுக்கு எங்கள் வீட்டில் தங்கி, அவரோடு குளித்த என் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“நாலு பேரு பாக்க இதெல்லாம் தேவையா? வீட்டுலயே குளிப்பாட்டு” என்றான்.

நேராகத் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். இரண்டு பேர் சவாரியை விட்டுவிட்டு வந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை அருவிக்கு அடியில் நிறுத்தினார்கள். வாய்விட்டுச் சிரித்தார் மனுஷன்.

யாரோ பார்த்துச் சொல்லி, சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டான். “ஏட்டி, சொன்னா கேக்க மாட்டியா?”

“நாளைக்கும் போவோம். மறதி அவருக்குத்தான் அண்ணே, உனக்கு என்ன வந்துச்சு?”