வெண்மணலில் கிடைத்த பவளம்

தேயிலைச் சரிவின் பனிக்குள் கோயில் கொண்டு, அழைக்கும் குரலுக்கு முன்னே வந்து நிற்கும் குமரன் திருவடி பணிந்து தொடங்குகிறேன். இன்று மாசி மகம், கடலாடுதற்குரிய நன்னாள். நான் வசிக்கும் மலையூரான தானா ராத்தாவிலிருந்து கடல் தொலைவு. என் முழங்காலுக்கு இன்னும் தொலைவு. ஆகவே குழாய் நீரையே கடலாக எண்ணி நீராடிவிட்டு, மெய்யாகவே கடலாடிய ஒரு மாசி மகத்தை எழுத அமர்ந்தேன்.

அப்போது நான் பள்ளிச் சிறுமி. ரிங்லெட்டுக்கு மேலிருந்த தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார். ஒருநாள் செடியில் சிக்கித் தாலிக்கயிறு அறுந்தது. தாலியும் பொன்மணிகளும் கிடைத்தன. கூடக் கோத்திருந்த ஒற்றைப் பவளம் மட்டும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசையில் முன்னின்று பாடுபவர், அதன்பின் கதவோரம் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். குறைபட்ட தாலியோடு சன்னிதிமுன் பாடலாகாது என்று அஞ்சினார். அவர் குரல் இல்லாத பூசை எனக்குப் பூசையாகவே தோன்றவில்லை.

அம்மாவின் தம்பியான மாமா காய்கறி லாரி ஓட்டுபவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மனைவியான என் அத்தை சுமங்கலியாகவே இறைவனடி சேர்ந்திருந்தார். மாசி மகத்துக்குக் கிழக்குக் கரைக்குப் புறப்பட்ட மாமா, "பவளத் தீவுக்குப் போறேன், வர்றியா?" என்று என்னைக் கேட்டார். சிவபெருமானின் நிறம் பவளம் என்று அம்மா பாடக் கேட்டவள் நான். தீவு முழுதும் செக்கச் செவேலென்றிருக்கும், ஒன்றைப் பொறுக்கி வந்தால் அம்மா மறுபடி பாடுவார் என்று அக்கணமே முடிவுகட்டினேன்.

படகு சேர்ந்த கரையோ பாலாக வெளுத்திருந்தது.

"என்ன மாமா, எல்லாம் வெள்ளையா கெடக்கு?"

"செவப்பெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கும்லா. இது மேல பூசுன திருநீறு."

படகோட்டியான மலாய்ப் பெரியவர், தீவுக்கு வணக்கம் சொன்ன பிறகே எங்களை இறங்கவிட்டார். மரத்தடியில் மஞ்சள் துணி போர்த்திய பழைய சமாதி ஒன்று இருந்தது. கடலில் போவோரைக் காக்கும் மகானுடையதாம். அங்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பவளம் கேட்டேன்.

பிறகு அவர், அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியை நீரில் அமிழ்த்தி, பார் என்றார். உள்ளே வேறோர் உலகம். மான்கொம்பாகக் கிளைத்தவை, விசிறியாக விரிந்தவை, ஊதா, மஞ்சள், பச்சை. இடையிடையே நீல மீன்கள். கல்லா, செடியா என்று கேட்டேன். "ஹிடூப்" என்றார் பெரியவர்.

"உயிராம். ஒடிச்சா செத்துருமாம். கரையில கெடக்குறதெல்லாம் அதோட எலும்புங்கிறாரு" என்றார் மாமா.

கல்லைப் போன்றதற்குள்ளும் உயிரை வைத்தவனை வியந்தேன். ஆயினும், உயிரை ஒடித்து அம்மாவின் கழுத்தில் பூட்டுவது எப்படி? எலும்பைப் பூட்டலாமா? மணலில் அமர்ந்து அழுதேன்.

மாமா அப்போது இடுப்பளவு நீரில் தனியே நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்த எதையோ கையில் மூடிப் பிடித்திருந்தார். என் அழுகை கேட்டு, மூடிய கையோடே கரையேறி என் பக்கத்தில் அமர்ந்தார். சற்று நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"அழுவாத. ஒழுங்கா தேடுனியா நீ? கண்ண வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா? இங்க தோண்டிப் பாரு."

தோண்டினேன். விரல் நுனியில் செந்நிற மணி ஒன்று தட்டுப்பட்டது. தீவே அதிரக் கூவினேன். பெரியவர் மாமாவைப் பார்த்தார். மாமா கடலைப் பார்த்தார்.

வீட்டில் அம்மா அந்த மணியை விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி, கடல்ல விடத்தானே இத கொண்டு போன?"

"கடலு வேணாம்னுருச்சுக்கா. நீ பாடு."

அம்மா அழுதார். தொலைந்தது கிடைத்த மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முன்னின்று பாட, கதவோரம் நின்ற மாமா கண்களை மூடிக் கேட்டார். தீவில் படகோட்டியைக் கேள்வியால் துளைத்தெடுத்த நான், கடலில் விளைந்த பவளத்தில் கயிறு கோக்கும் துளையை இட்டது யார், அது முன்பு யார் கழுத்தில் கிடந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

இதைப் படிப்போர் யாவர்க்கும் கேளாமலே கொடுக்கும் உறவு வாய்க்க; கொடுத்ததைச் சொல்லாத உள்ளம் வாய்க்க; மனைதோறும் மங்கலம் பெருகுக.